சமபாரம் சுமக்கும் நாள்

குதிரைப் பந்தயத்தைத் தொலைவிலிருந்தே வெறுப்பவர்களும், நெருங்கிச் சென்று அதிலே கைப்பொருளைத் தோற்றவர்களும் பெரும்பாலும் கவனியாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. வருஷத்தின் பெரும்பாலான நாள்களில் பந்தயத் திடலில் எந்தக் குதிரை சிறந்தது என்ற பரீட்சை நடைபெறுவதே இல்லை. அன்றாடப் பந்தயங்களில் மிகுதியானவை 'ஹேண்டிகேப்' என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றில், முன்னே ஓடிய ஓட்டங்களையெல்லாம் கணக்கிட்டு ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தர எண் வகுத்து வைத்திருக்கும் அதிகாரி, வலிய குதிரையின் முதுகிலே அதிக எடையையும் எளிய குதிரையின் முதுகிலே குறைந்த எடையையும் ஏற்றி, எல்லாக் குதிரைகளும் ஒரே கணத்தில் வெற்றிக் கம்பத்தைக் கடக்க வேண்டும் என்பதையே தம் கலையின் லட்சியமாகக் கொண்டு வேலை செய்கிறார். ஏறத்தாழ ஐம்பது கிலோவுக்கும் அறுபது கிலோவுக்கும் இடையே அமையும் இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஜாக்கியின் உடல் எடை போதாதபோது, சேணத்தோடு ஈயத் தகடுகளைச் செருகிச் சரிக்கட்டுகிறார்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தைக் கையிலேந்தித் தராசில் ஏறி இறங்க வேண்டும். திரும்பி வந்தபோது எடை குறைந்திருந்தால் பெற்ற வெற்றியும் பறிபோகும். பந்தயம் கட்டுவோருக்கு இதைக் காட்டிலும் சுவையான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் அங்கே வென்ற குதிரைதான் அந்தக் கூட்டத்திலே சிறந்த குதிரை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது.

இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒரு புறம் ஒதுக்கிவிட்டு, பருவத்தின் முடிவிலே ஒரு நாள் குறித்து, பல திடல்களிலும் பல தூரங்களிலும் தங்கள் ஆற்றலை நிரூபித்துக்கொண்ட குதிரைகளை ஓரிடத்துக்கு வரவழைத்து, வயதுக்கேற்ற நியாயமான சலுகையும் பெண் குதிரைகளுக்குரிய சிறு சலுகையும் தவிர வேறு பாரபட்சம் ஏதுமின்றிச் சமபாரம் சுமத்தி ஓடவிடும் சம்பிரதாயம் பந்தய உலகத்திலே இருக்கிறது. வயதுக்கேற்ற எடைக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தி வகுத்தவர் ஹென்றி ஜான் ரூஸ் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி. இளங்குதிரை முதிர்ந்த குதிரையோடு எந்த மாதத்தில், எந்தத் தூரத்தில் மோதினால் எத்தனை ராத்தல் சலுகை பெறவேண்டும் என்பதை அவர் அட்டவணையிட்டுத் தந்தார். அதன் அடிப்படைதான் இன்றளவும் உலகமெங்கும் கையாளப்படுகிறது. அன்றாடப் பந்தயம் ஓட்டத்தைச் சூதுக்கு ஏற்றதாக ஆக்குகிறது. பருவ முடிவின் சமபாரப் பந்தயமோ குதிரையின் மெய்யான மதிப்பை வெளிப்படுத்துகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, முழுவதையும் ஒரே மூச்சில் போற்றுவதும் ஒரே மூச்சில் தூற்றுவதும் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிற பிழை.

பிரிட்டனில், தடைகளைத் தாண்டாமல் சமதளத்தில் ஓடும் பந்தயத்துக்கு அத்தகைய முடிவு நாள் அக்டோபர் மாதத்தில் வருகிறது. வின்ட்ஸர் அரண்மனைக்கு அருகே, 1711ஆம் ஆண்டில் ஆன் அரசியார் தோற்றுவித்த அஸ்கட் திடலில் அது நடைபெறுகிறது. அதன் தலைமைப் பந்தயமான சாம்பியன் ஸ்டேக்ஸ் 1877 முதல் நியூமார்க்கெட்டில் ஓடப்பட்டு வந்தது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதிதான் அதையும் வேறு சில பெரும் பந்தயங்களையும் அஸ்கட்டில் ஒன்றுகூட்டி, குறுந்தூரத்துக்கு ஒன்று, ஒரு மைலுக்கு ஒன்று, பத்து ஃபர்லாங்குக்கு ஒன்று, நெடுந்தூரத்துக்கு ஒன்று, பெண் குதிரைகளுக்கென்று தனியே ஒன்று என வகுத்து, பிரிட்டிஷ் சாம்பியன்ஸ் தினம் என்று பெயரிட்டார்கள். அந்த நாளிலும் ஹேண்டிகேப் ஓட்டம் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. ஆயினும் அதற்கு அங்கே உரியது கடைசி வரிசை. இந்தத் தினத்துக்குப் பொருளுதவி புரிவோர் கத்தார் நாட்டினர் என்பது சரித்திரம் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. இன்று உலகில் ஓடும் தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் டார்லி அரேபியன், கோடல்பின் அரேபியன், பையர்லி துருக்கி என்று மூன்று கீழ்த்திசைக் குதிரைகளின் சந்ததியே. ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக் கலையென்று பெருமை கொள்ளும் வித்தையின் ரத்தம் அரபு நாடுகளிலிருந்து சென்றதாகும்.

அந்தத் தினத்தின் முதலிரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் புதுவையில் வாழும் நமக்கு அதிலே ஓர் உறவு இருக்கிறது. 2011இல் சாம்பியன் ஸ்டேக்ஸை வென்றது ஆங்கிலக் குதிரையன்று. சீருஸ் தெ ஸெகிள் என்ற பிரெஞ்சுக் குதிரை. பெரிய வம்சத்தின் ஒளி எதுவும் இல்லாமற் பிறந்து, ஷாந்தியி நகரில் சிறியதொரு லாயம் நடத்திவந்த கொரின் பராந்த்-பார்ப் என்ற பெண்மணியின் கையிலே வளர்ந்து, ஆண்மை நீக்கப்பட்ட காரணத்தால் தன் சொந்த நாட்டின் தலைசிறந்த பந்தயத்தில் ஓடும் உரிமையும் இழந்து நின்ற குதிரை அது. பாரிஸ் நகரில் லோன்ஷாம் திடலில் 1920 முதல் நடந்து வரும் ஆர்க் தெ திரியோம்ப் பந்தயத்தில் ஆண்மை நீக்கப்பட்ட குதிரைகளுக்கு அப்போது அனுமதி இல்லை. இனவிருத்திக்குரிய குதிரையைத் தேர்ந்தெடுப்பதே அப்பந்தயத்தின் நோக்கம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் கொள்கை சாஸ்திரத்துக்கு ஒத்ததாயிருக்கலாம். ஆயினும் ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு ஜீவன் ஓடித் தன்னை நிரூபிக்கும் வாய்ப்பை அது மறுத்தது என்பதே என் அபிப்பிராயம். தன் நாட்டில் கதவடைக்கப்பட்ட அந்தக் குதிரைக்குக் கடல் கடந்த அஸ்கட் கதவு திறந்தது.

அன்றைய வெற்றியின்மீது ஒரு நிழலும் விழுந்தது. சவுக்கை எத்தனை முறை பிரயோகிக்கலாம் என்பதற்கு அந்த வாரத்தில்தான் பிரிட்டனில் புதிய விதி அமலுக்கு வந்திருந்தது. கடைசி ஃபர்லாங்கில் விதித்த எண்ணிக்கைக்கு ஒரு முறை அதிகமாகச் சவுக்கை ஓங்கிய குற்றத்துக்காக, வெற்றி பெற்ற ஜாக்கி கிறிஸ்தோஃப் சுமியோன் தண்டிக்கப்பட்டார். பருவத்தின் மிகப் பெரிய வெற்றியின் நடுவிலேயும் ஒரு வீச்சுக்குக் கணக்குக் கேட்டார்கள். தண்டனை மிகை என்று பலர் கூக்குரலிட்டார்கள். விதியிலும் பின்னர் மாற்றங்கள் செய்யப்பட்டன. எனினும், வெற்றியின் ஆரவாரத்தில் குதிரையின் வேதனை மறக்கப்படலாகாது என்ற கொள்கை அன்று உலகறிய நிலைநாட்டப்பட்டது.

அதே நாளில் ஒரு மைல் பந்தயத்தை வென்ற குதிரைதான் ஃபிராங்கல். அடுத்த ஆண்டு, 2012 அக்டோபர் 20ஆம் தேதி, அக்குதிரையும் சீருஸ் தெ ஸெகிளும் சாம்பியன் ஸ்டேக்ஸில் சந்தித்தன. இலையுதிர்காலத்து மழையில் ஊறிய தரை, பிரெஞ்சுக் குதிரைக்கு மிகவும் பிடித்தமானது. ஃபிராங்கலுக்கோ அத்தகைய மண்ணில் அவ்வளவு தூரத்தில் அதுவே பெருஞ்சோதனை. தொடக்கத்தில் பின்தங்கிய ஃபிராங்கல், கடைசித் திருப்பத்துக்குப் பிறகு ஜாக்கி டாம் குவீலியின் கீழே மெல்ல மெல்ல நெருங்கி, ஒன்றேமுக்கால் உடல் நீள இடைவெளியில் வென்றது. பதினான்கு ஓட்டங்கள், பதினான்கு வெற்றிகள்; அத்தோடு அதன் பந்தய வாழ்வு முடிந்தது. அதைப் பயிற்றுவித்த ஹென்றி செசில் புற்றுநோயால் குரல் தேய்ந்து மெலிந்த நிலையில் அன்று திடலுக்கு வந்திருந்தார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார். தோற்ற குதிரையை இகழ்ந்தவர் அன்று ஒருவருமில்லை. மண் தனக்குச் சாதகமாயிருந்தும் சம எடையில் தன்னை வென்ற எதிரியின் பெருமைக்கு அந்தப் பிரெஞ்சுக் குதிரையே நிறைந்த சாட்சியாயிற்று. 2020இல் ஹாலி டாயில் என்ற இளம்பெண் அந்தத் தினத்தில் இரண்டு பந்தயங்களை வென்று, அங்கே வெற்றி கண்ட முதல் பெண் ஜாக்கியானதும் குறிப்பிடத்தக்கது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கொல்கத்தா, மும்பை, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஐந்து நகரங்களின் பந்தயக் கழகங்கள் சேர்ந்து 1963ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் இந்தியன் டர்ஃப் இன்விடேஷன் கோப்பையே நமது பருவ முடிவின் சாம்பியன் பட்டம். ஆங்கிலேயர் தம் முடிவு நாளை 2011இல்தான் ஒன்றுகூட்டினார்கள் என்பதை நினைத்தால், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நாட்டின் எல்லாத் திடல்களுக்கும் பொதுவானதொரு பரீட்சையை ஏற்படுத்திய நம்மவர்களின் தீர்க்கதரிசனம் பாராட்டுக்குரியது. நமது குளிர்காலமே நமது பெரும்பருவம் ஆகையால், வெயில் ஏறத் தொடங்கும் முன்பாக, பிப்ரவரி முடிவிலோ மார்ச் தொடக்கத்திலோ, முறைவைத்து ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு நகரத்தில் இது நடைபெறுகிறது. தலைமைப் பந்தயம் 2400 மீட்டர். பாரிஸ் ஆர்க் பந்தயத்துக்கும் இதே தூரந்தான். அதனோடு 1200 மீட்டருக்கு ஸ்பிரின்டர்ஸ் கோப்பை, 1600 மீட்டருக்கு சூப்பர் மைல் கோப்பை, 3000 மீட்டருக்கு ஸ்டேயர்ஸ் கோப்பை என்று, வேகத்துக்கும் பொறுமைக்கும் தனித்தனியே பரீட்சைகள் வைத்திருக்கிறார்கள். கொல்கத்தாவில் வளர்ந்த குதிரை மும்பைக் குதிரையோடு மோதுவதற்காக நாட்டின் குறுக்கே லாரியில் பல நாள் பிரயாணம் செய்து, புதிய தண்ணீரும் புதிய புல்லும் புதிய மண்ணும் பழகி, தன்னைப் பேணும் சயீஸ் என்ற குதிரைக்காரன் ஒருவனை மட்டுமே அறிமுகமான முகமாகக் கொண்டு அந்நிய லாயத்திலே தங்கி ஓடவேண்டியிருக்கிறது. எழுபதுகளில் பத்தொன்பது ஓட்டங்களில் பதினெட்டை வென்று, ரஷீத் பைராம்ஜியின் பயிற்சிக்குப் பெருமை தேடித்தந்த ஸ்குவாண்டரர் போன்ற குதிரைகளின் புகழ் இன்றும் பழைய ரசிகர்களின் நாவிலே நிற்பதற்கு இத்தகைய சமபாரப் பரீட்சைகளே காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட கிளாசிக் பந்தயங்களை வென்ற ஜாக்கி பேஸி ஷ்ராஃபின் கீர்த்தியும், வேறெந்த உரிமையாளரும் நெருங்காத எண்ணிக்கையில் கிளாசிக் வெற்றிகளைக் குவித்து 2015இல் மறைந்த செட்டிநாட்டு எம்.ஏ.எம்.இராமசாமியின் கீர்த்தியும் அன்றாடப் பந்தயங்களால் வந்தவை அல்ல.

தமிழ் மண்ணுக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் ஆங்கிலேயரால் வந்ததென்று எண்ணுவோர் உண்டு; அது பிழை. பாகூரை ஒட்டிப் பாய்ந்து கடலிற் கலக்கும் தென்பெண்ணையின் தென்கரையிலே, திருக்கோவலூரில் ஆண்ட மலையமான் திருமுடிக்காரிக்கும் அவன் ஏறிய குதிரைக்கும் பெயர் ஒன்றே. அவனோடு போரிட்ட ஓரியும் தன் குதிரைக்குத் தன் பெயரையே இட்டிருந்தான். குதிரையைத் தன்னின் வேறாக எண்ணாத மனோபாவம் அது. நமக்கு மேற்கே உள்ள செஞ்சியில், ஆற்காட்டு நவாபின் சேனையை எதிர்த்து 1714இல் மிக இளம் வயதில் மடிந்த தேசிங்கு ராஜனின் கதையைத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள், அவனுடைய குதிரை பாரசாரியையும் அவன் இஸ்லாமியத் தோழனுடைய குதிரை நீலவேணியையும் மனிதப் பாத்திரங்களுக்குச் சமமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவன் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கோட்டையைப் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி கைப்பற்றினான் என்பது நம் ஊர்ச் சரித்திரத்தோடு அதைப் பிணைக்கிறது. நமது கிராமங்களின் எல்லையில் ஐயனாருக்கு இன்றும் சுடுமண் குதிரை செய்து வைக்கிறோம்.

ஆனால் பக்தி வேறு, பராமரிப்பு வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டி நாட்டுத் துறைமுகங்களுக்கு அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் பல்லாயிரம் குதிரைகள் வந்து இறங்கியதாக வஸ்ஸாப் என்ற பாரசீகச் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் இங்கு வந்த மார்கோ போலோ, குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் இல்லாமையால் வந்தவற்றில் பெரும்பாலானவை விரைவில் இறந்துபோவதாகவும், மன்னர்கள் மறுபடி மறுபடி பெரும்பொருள் கொடுத்து வாங்குவதாகவும் குறித்து வைத்தார். குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிய திருவிளையாடலை நாம் அனைவரும் அறிவோம். ஒரு ராஜ்யத்தின் பொக்கிஷமே குதிரை வியாபாரத்தில் கரைந்த சரித்திரம் அந்தக் கதையின் பின்னணியிலே நிற்கிறது. வீரம் நம்மிடம் இருந்தது. குதிரையின் வயிற்றையும் குளம்பையும் அறிந்த வித்தை நம்மிடம் குறைவாக இருந்தது.

அந்தக் குறையைப் போக்கிய இடங்களில் முதன்மையானது சென்னையின் கிண்டி. 1777இல் அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கிற்று. மறு ஆண்டே சென்னையிலிருந்து ஆங்கிலச் சேனை புறப்பட்டு வந்து நமது புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தது. ஆகவே அந்தப் பந்தயத்தின் பிறப்பை நம் ஊர்க்காரர்கள் அன்று மகிழ்ச்சியோடு நினைத்திருக்க மாட்டார்கள். மைசூர்ப் போர்களால் இடையிடையே நின்றும் நடந்தும், 1896இல் சென்னைப் பந்தயக் கழகம் முறையாக அமைந்தது. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தோன்றிற்று. லாயத்தில் தந்தைக்குப் பின் மகனாகச் சயீஸ் வேலை பார்த்த குடும்பங்கள், குளம்பின் வளர்ச்சியை விரலால் தடவியே கணித்து லாடம் அடிக்கும் தொழிலாளர், கால் நரம்பின் சூட்டைத் தொட்டுப் பார்த்து இன்று ஓடலாமா கூடாதா என்று சொல்லும் அனுபவசாலிகள் ஆகியோர் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக உருவானார்கள். விடியற்காலை மூன்றரை நான்கு மணிக்கு எழுந்து லாயத்தைச் சுத்தம் செய்து, ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துச் சென்று, திரும்பி வந்ததும் வியர்வை ஆறும்வரை மெல்ல நடத்தி, தண்ணீரை அளவு பார்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு தன் காலைக் கஞ்சியை நினைக்கும் சயீஸின் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படுவதில்லை. மார்கோ போலோ கண்ட குறையை நிவர்த்தி செய்தவர்கள் இவர்களே.

அந்தக் கிண்டியின் தற்கால நிலைமை யாவரும் அறிந்தது. பந்தயத்தினால் குடும்பங்கள் சீரழிகின்றன என்ற காரணத்தால் 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் கழகத்தையே அரசுடைமையாக்க மற்றொரு சட்டம் வந்தது. பல்லாண்டுகள் வழக்கு நடந்து, 1996 ஜனவரி 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தைக் காட்டிலும் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளித்துக் கழகத்தைக் காப்பாற்றியது. பின்னர் வந்த பிரச்சினை சூதைப் பற்றியதன்று, நிலத்தைப் பற்றியது. 1946இல் எழுதப்பட்ட 99 ஆண்டுக் குத்தகையின்படி, நகரத்தின் நடுவே 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலத்துக்கு வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. வாடகை உயர்வால் சேர்ந்த பாக்கி 730 கோடி ரூபாய் என்று அரசு கணக்கிட்டது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்துசெய்து வாயில்களுக்கு முத்திரை வைத்தது. விவகாரம் மீண்டும் உயர் நீதிமன்றப் படியேறியது. அதே ஆண்டின் நடுவில் உதகமண்டலத்துப் பந்தயத் திடலும் குத்தகைப் பாக்கியின் காரணமாக அரசின் கைக்குச் சென்றது. கிண்டி நிலத்தில் பசுமைப் பூங்கா அமைக்கவும், மழைநீரைத் தேக்கும் குளங்கள் வெட்டவும் அரசு முனைந்தது.

இதைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மழைக்காலந்தோறும் வேளச்சேரி வெள்ளத்தில் மிதக்கும் ஒரு நகரத்தில், அத்தனை பரந்த பொதுநிலத்தை அணாக்கணக்கு வாடகைக்கு ஒரு கழகம் வைத்திருந்தது நியாயமன்று. குளமும் மரமும் அங்கே வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால் நிலத்தை மீட்பதும் வித்தையை அழிப்பதும் ஒன்றல்ல. நகருக்கு வெளியே, நீரும் புல்லும் உள்ள ஓரிடத்தில், நியாயமான வாடகைக்கு ஒரு திடலும் லாயமும் அமைவதற்கு அரசு வழிசெய்யாமற் போனால், ஐந்து நகரங்களின் அந்தப் பருவ முடிவு உற்சவத்தில் தமிழ்நாட்டின் இடம் காலியாகும்; சயீஸ்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்வார்கள்; இரண்டு நூற்றாண்டுகளில் சேர்ந்த அறிவு ஒரே தலைமுறையில் கரைந்துவிடும்.

சூதைப் பற்றி என்ன சொல்வது என்று கேட்பவர்களுக்கு, நம் புதுவையிலிருந்து பிரான்ஸுக்குச் சென்று வாழும் உறவினர்கள் அங்கே காபிக் கடைகளின் வாசலில் தினமும் காணும் 'பி.எம்.யு' என்ற பலகையைச் சுட்டிக்காட்டுகிறேன். பந்தயம் கட்டுவோரின் பணத்தையெல்லாம் ஒரே தொகையாகத் திரட்டி, செலவும் வரியும் கழித்து மீதியை வென்றவர்களுக்குப் பங்கிடும் பாரி-முத்யுவெல் முறையை 1860களில் பாரிஸில் தோற்றுவித்தவர் ஜோசஃப் ஒல்லர். நம் திடல்களில் 'டோட்' என்று வழங்குவது இதுவே. 1891 ஜூன் 2ஆம் தேதி பிரான்ஸில் இயற்றப்பட்ட சட்டம், தனிமனிதர் லாபத்துக்காக நடத்தும் பந்தயத் தொழிலை ஒதுக்கி, இந்தப் பொதுத்தொகை முறைக்கு மட்டும் அனுமதி கொடுத்து, அதிலிருந்து ஒரு பகுதி தர்மகாரியங்களுக்கும் ஒரு பகுதி குதிரை வளர்ப்புக்கும் சேரவேண்டும் என்று விதித்தது. நம் நாட்டிலோ, டோட்டோடு உரிமம் பெற்ற புக்கிகளும், உரிமமே இல்லாமல் தொலைபேசியில் இயங்கும் மறைமுகக்காரர்களும் இருக்கிறார்கள். சரக்கு மற்றும் சேவை வரி 2017இல் 28 சதவீதமாக விதிக்கப்பட்டு, 2025 செப்டம்பரில் 40 சதவீதமாக உயர்ந்தது. வரி கடுமையாயிருப்பதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஓடி உழைத்த குதிரையின் பராமரிப்புக்கென்று அதிலிருந்து ஒரு காசும் சட்டப்படி ஒதுக்கப்படவில்லை என்பதுதான் வருத்தம். பந்தயத்தால் அழிந்த குடும்பங்களை நம் ஊரிலும் அறிவோம். மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடையிலே கிடக்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டுவிடுவேன் என்று கிண்டி ரயிலேறியவர்களின் கதை பொய்யன்று. அந்தத் துயரத்தில் ஒரு பங்குக்குக்கூடக் குதிரை பொறுப்பல்ல.

பருவம் முடிகிறது, கோப்பை வழங்கப்படுகிறது, அதன் பின்? புகழ் பெற்ற சில ஆண் குதிரைகளும் பெண் குதிரைகளும் இனவிருத்திப் பண்ணைக்குச் செல்கின்றன. மற்றவற்றில் சில சவாரிப் பள்ளிகளுக்கும், சில காவல்துறையின் குதிரைப் படைக்கும், சில கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் போகின்றன. தரோபிரெட் குதிரை இருபத்தைந்து ஆண்டுகள்கூட வாழக்கூடியது. அதன் பந்தய வாழ்வோ நான்கைந்து பருவங்களில் முடிந்துவிடும். பிரிட்டனில் ஓய்வு பெற்ற குதிரைகளுக்கு மறுபயிற்சி தந்து வேறு வேலைக்குப் பழக்குவதற்கென்றே 2000ஆம் ஆண்டில் ஓர் அறநிலையம் தோன்றிற்று. நம் நாட்டிலும் குதிரையின் உபகாரம் திடலோடு முடிந்ததில்லை. புனேயின் பூனாவாலா குடும்பத்தார் தம் பண்ணைக் குதிரைகளை மும்பையின் ஹாஃப்கின் நிலையத்துக்கு மருந்து தயாரிப்பதற்காகக் கொடுத்துவந்ததிலிருந்து பிறந்த யோசனையே 1966இல் சீரம் இன்ஸ்டிட்யூட்டாக உருவெடுத்தது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் ஏற்றி, அதன் ரத்தத்தில் விளையும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தே, நம் வயல்வெளிகளில் பாம்பு தீண்டியவர்களைப் பிழைப்பிக்கும் மருந்து செய்யப்படுகிறது. திடலில் நமக்கு இன்பமும் ஆய்வுக்கூடத்தில் உயிரும் தருகிற பிராணிக்கு, ஓய்ந்த காலத்தில் ஒரு கொட்டிலும் புல்லும் உறுதியாகத் தர நம்மால் முடியும்.

ஐந்து கழகங்களும் ஒன்றுகூடும் அந்த வார இறுதியின் வருமானத்திலிருந்து ஒரு பங்கை ஓய்வு பெற்ற குதிரைகளுக்கான நிதியாக எழுதிவைக்க வேண்டும் என்று கழகத்தாரையும், டோட்டின் வரியிலிருந்து மற்றொரு பங்கைச் சட்டத்தாலேயே அந்நிதிக்குச் சேர்க்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவ முடிவில் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ அந்தக் கோப்பை ஓட்டத்தைக் காணச் செல்லும் புதுவை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணப்பையை வீட்டிலே வைத்துவிட்டுப் போங்கள். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கின் வேலியோரம் நின்று, அவற்றின் நடையையும் கண்ணையும் காதையும் நிதானமாகப் பாருங்கள். வென்ற குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துவரும் சயீஸுக்கும் சேர்த்துக் கைதட்டுங்கள். அதன் உரிமையாளரைச் சந்திக்கும் வாய்ப்பு நேர்ந்தால், ஓட்டம் நின்றபின் இந்தக் குதிரை எங்கே போகப்போகிறது என்று கேட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.